இடது கை தூக்கியவர்கள்

பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

என் போன் செத்துவிட்டது. கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கோபித்துக்கொள். சீருடைப் பையில் இருந்ததை மறந்து நோயாளிகளின் அழுக்குத் துணியோடு இயந்திரத்தில் போட்டுவிட்டேன். எண்பது டிகிரி வெந்நீரில் முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறது. அவ்வளவு சுத்தமான போனை நான் பார்த்ததே இல்லை. சலவைக்கூடமே சிரித்தது. புதிது வாங்க இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை கடிதம்தான். போன தடவை நாம் பேசியதை நினைத்தால் இதுவே நல்லது. எழுதியதை அடித்துவிடலாம். சொன்னதை அடிக்க முடியாது.

ஊருக்கு வந்த அன்று உன் வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ கேள்வி கேட்டதும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். என் மிளகும் தூக்கினாள். நீ பதினைந்து கேள்வி கேட்டாய், எண்ணினேன். ஒன்றுகூட அவளிடம் வரவில்லை. உன் கண் அவள் வரிசைக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனது.

"உன் வகுப்புல என் பொண்ணு ஒரு பெஞ்சு மாதிரி இருக்கா"ன்னு நான் சொன்னது உனக்குச் சுட்டிருக்கும். "பெத்துட்டு விட்டுட்டுப் போனவ எனக்குப் பாடம் நடத்தாதே"ன்னு நீ சொன்னது எனக்குச் சுட்டது. அவள் அப்போது வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டையும் கேட்டிருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு சிறப்புப் பள்ளி விடுதியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. 28ஆம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியில் வகுப்பாசிரியர் சான்று கேட்கிறார்கள்: 'இக்குழந்தை பொது வகுப்பறையில் கற்க இயலாதவர்.' அதற்குக் கீழே உன் கையெழுத்து வேண்டும்.

நான் விரும்பிக் கேட்கவில்லை. எட்டு வயதாகிறது. உன்னிடம் சந்தோஷமாக இருக்கிறாள், தெரியும். படிக்கிறாளா? அதைச் சொல்.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்காமல் நீ கடிதத்தைக் கசக்கிப் போட்டாலும் அது தெரிந்திருக்கட்டும்.

'இயலாதவர்.' எவன் எழுதினான் இந்த வாக்கியத்தை? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காதவன் எழுதியிருப்பான். ஏழு மாதத்தில் பிறந்து, வலது பக்கம் இழுத்துக்கொண்டு, சொல் ஒவ்வொன்றையும் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி பேசுகிற ஒரு பெண் என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கேலி செய்வதில்லை. மதியம் அவள் டப்பாவைத் திறந்துகொடுக்கப் பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள். இதற்கு நான் எத்தனை பேரோடு சண்டை போட்டேன் என்று உனக்குத் தெரியாது. நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு பெஞ்சு என்கிறாய்.

உன் வயிறு எரிய ஒரு செய்தி. 21ஆம் தேதி இங்கே ஆசிரியர் மாநாடு. தலைப்பு: 'அனைவருக்கும் ஒரே வகுப்பறை'. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை எல்லாரோடும் சேர்த்துப் படிக்கவைப்பது எப்படி என்று நாள் முழுக்கப் பேசப்போகிறார்கள். நடக்கிற அரங்கம் இரண்டாம் மாடியில். லிப்ட் கிடையாது. நாற்பத்து நான்கு படி. நானும் எண்ணுவேன்.

ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "சார், சக்கர நாற்காலியில வர்றவங்க எப்படி ஏறுவாங்க?" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு பேர் தூக்கிட்டுப் போகலாம்மா. போட்டோவும் நல்லா வரும்."

அங்கே ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர். மிளகு கட்டாயம் வர வேண்டுமாம். "அந்தப் பொண்ணு முன்னாடி உட்காரட்டும், கேமராவுக்குத் தெரியணும்" என்கிறார். காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. வேலை வேண்டும்.

அவளுக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடுங்க நான் கை கொடுக்க மாட்டேன்.

உன் தங்கை


பிப்ரவரி 11

சின்னவளே,

நீ போட்ட சண்டையெல்லாம் எனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறாய். பால் புட்டியோடுகூடச் சண்டை போட்டாய்.

நான் ஐந்து பள்ளிக்கூடம் ஏறி இறங்கியவள். ஒரு பள்ளியில், "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, மத்த பிள்ளைங்களோட பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள். இன்னொன்றில் நாற்காலிகூடக் காட்டவில்லை. அவள் அப்பா மூன்றாவது பள்ளியோடு களைத்துப்போனார், பிறகு வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். நீதான் "என் கிளாஸ்லயே உட்காரட்டும்"ன்னு தூக்கிக்கொண்டு போனாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இடம் கொடுத்தால் போதுமா? இங்கே எங்கள் சலவைக்கூடத்திலும் எல்லா மூட்டைக்கும் இடம் இருக்கிறது.

நீ கவனித்திருக்க மாட்டாய், ஒன்று சொல்கிறேன். அவள் பேச ஆரம்பித்தால் நீ முடித்துவைக்கிறாய். "சித்தி, எனக்கு..." என்றால் "தண்ணியா? இந்தா" என்கிறாய். பாசம்தான். ஆனால் அவள் அன்று கேட்க வந்தது தண்ணீர் இல்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போனாள்.

நான் என்ன செய்வேன் தெரியுமா? அவளிடம் ஏதாவது கேட்டுவிட்டு ஒரு போர்வையை எடுத்து மடிப்பேன். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மேலே ஒரு தட்டு. மடித்து முடிக்கும்போது பதில் வந்துவிடும். சும்மா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவளுக்குப் பயம் வந்து சொல் திரும்ப உள்ளே போய்விடும். கை வேலையாக இருந்தால் எனக்கும் அவசரம் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சண்டையை விடு. நான் கேட்டதற்குப் பதில் சொல். அவளுக்குப் பாடம் புரிகிறதா, இல்லையா? என் தங்கையாகச் சொல்லாதே. டீச்சராகப் பார்த்துச் சொல். புரிகிறது என்றால் படிவத்தைக் கிழித்துப் போடு. புரியவில்லை என்றால், மெதுவாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களிடம் அவள் போகட்டும். என் பிள்ளை உன் கொள்கைக்கு அடையாளமாக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. நீ சொன்னதைச் செய்தேன். மூன்று நாள் டீச்சராக மட்டும் பார்த்தேன்.

முதலில் பரீட்சைத் தாள்கள். எல்லாம் பாதி வெள்ளை. முதல் இரண்டு கணக்கு சரி, மீதியைத் தொடவே இல்லை.

அடுத்து வகுப்பு. இதற்கு எங்கள் பள்ளி வழக்கம் ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், வெளியே சொன்னால் வெட்கம். ஆய்வாளர் வரும்போது எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் ஏற்பாடு. விடை தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. பார்க்கிறவர்களுக்கு ஒரு காடு மாதிரி கைகள் தெரியும், நாங்கள் வலது கையைப் பார்த்துக் கேட்போம். நீ வந்த அன்று பார்த்ததும் அதுதான். ஆய்வாளருக்காகத் தொடங்கியது, இப்போது தினமும் அப்படியே நடக்கிறது. பிள்ளைகள் மூச்சு விடுவதுபோல் செய்கிறார்கள், நானும் மூச்சு விடுவதுபோல் பார்க்கிறேன்.

மிளகு மூன்று நாளும், ஒவ்வொரு கேள்விக்கும், இடது கைதான் தூக்கினாள். கணக்கு, பாடம், பொது அறிவு எல்லாவற்றுக்கும். நாற்பத்தொரு கேள்வி. குறித்துவைத்தேன். ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கேட்டுப் பார்க்கலாமென்று உட்காரவைத்தேன். "ஏழும் எட்டும் எத்தனை?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நீ பெஞ்சு என்று சொன்னது சரி. நான் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு, அவளை உட்காரவைத்ததே பெரிய காரியம் என்று இருந்திருக்கிறேன். ஒன்றரை வருடம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது. மாநாட்டுக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, பெயர் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு நீ வந்து அழைத்துக்கொண்டு போ. நான் ரயிலடிக்கு வர மாட்டேன்.

தங்கை


பிப்ரவரி 21, மாலை

அக்கா,

அந்தப் படிவத்தைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. வாங்க முடியாவிட்டால் நான் வந்து அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சலவைக்கூடத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். யாரோ எடுத்தார்கள், இயந்திரச் சத்தத்தில் "என்னது? என்னது?" என்று மூன்று தடவை கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நாற்பத்து நான்கு படியையும் மிளகு தானாகவே ஏறினாள், இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. மேலே மேடையில் பெரிய பதாகை, அதில் சிரிக்கிற குழந்தைகள். பேசியவர்கள் எல்லாரும் 'நம் தெய்வக் குழந்தைகள்' என்றார்கள். தெய்வத்துக்கு ஏன் கீழ்த் தளத்தில் இடம் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் வந்த பேச்சாளர் ஒருவரை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு மாதிரி வகுப்பு. நான் நடத்துவதாக ஏற்பாடு. கடைசி நிமிடத்தில் அமைப்பாளர், "பழகின டீச்சர் வேணாம், புதுசா ஒருத்தர் எடுத்தாத்தான் உண்மை தெரியும்"ன்னு சீட்டுக் குலுக்கினார். வேறு ஊர்க் கணக்கு டீச்சர் ஒருத்தி வந்தாள். ஜலதோஷம், கையில் கைக்குட்டை, முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவளுக்கு எங்கள் ஏற்பாட்டை யார் போய்ச் சொல்வது?

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "ஒரு பஸ்ல இருபத்து மூணு பேர். முதல் ஸ்டாப்ல ஒன்பது பேர் இறங்கிட்டாங்க, மூணு பேர் ஏறினாங்க. இப்ப எத்தனை பேர்?"

பன்னிரண்டு கையும் மேலே போயின. அரங்கம் கை தட்டியது. அவள் முன்பல் விழுந்த ஒருத்தியைக் காட்டி "நீ சொல்லு" என்றாள். அந்தக் குழந்தை அவளை ஏதோ துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"டீச்சர், நான் இடது கையத்தானே தூக்கியிருக்கேன்!"

"அதனால?"

"தெரிஞ்சா வலது, தெரியாட்டி இடது. நீங்க வலது கையத்தான் கேக்கணும். ஹெட்மாஸ்டர் சார் உங்களுக்குச் சொல்லலையா?"

அக்கா, இருநூறு ஆசிரியர்கள். முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வகுப்பிலும் இதையே செய்கிறவர்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டாலே தெரிந்தது. ஹெட்மாஸ்டர் மைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் கையை இறக்கிவிட்டார்கள். ஒரு கை மட்டும் இறங்கவில்லை. மிளகின் இடது கை.

கணக்கு டீச்சர் அவள் முன்னால் போய் நின்றாள். "நீயும் தெரியாதுன்னுதான் தூக்கினியா?"

மிளகு வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. ஹெட்மாஸ்டர் எழுந்து, "பாவம், அது பேசாதும்மா" என்றார். கணக்கு டீச்சர் திரும்பாமலே, "சார், உங்களையா கேட்டேன்?" என்றாள். கைக்குட்டையை நிதானமாக மடிக்க ஆரம்பித்தாள். சும்மாதான், மூக்கைத் துடைப்பதற்கு. எனக்கு உன் போர்வை ஞாபகம் வந்தது. மிளகுக்காகப் பதில் சொல்ல என் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. மூடிக்கொண்டேன்.

"இந்தக் கைதான்..." என்றாள் மிளகு. எல்லாரும் காத்திருந்தார்கள். "...ஏறும்."

பிறகு, "பதினேழு."

பிறகு, கை தட்டல் முடிவதற்குள், "டிரைவரச் சேத்தா... பதினெட்டு."

நான் ஓரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் வலது கை தோளுக்கு மேல் ஏறாது என்று எனக்குத் தெரியும். தினமும் நான்தான் சட்டை மாட்டிவிடுகிறேன். இடது கை என்றால் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றரை வருடமாக ஒரே தலைக்குள் வைத்திருந்தேன். ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அவளுக்குத் தெரியாது என்று நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கை அதற்குச் சாட்சி சொன்னது, அவ்வளவுதான். படிவத்தில் அந்த வாக்கியத்தை எழுதியவனைத் திட்டினேனே, அவன் என்னைவிட மேல். அவன் அவளைப் பார்த்ததில்லை.

இறங்கும்போது படியில் கேட்டேன். "தினமும் தெரிஞ்சுதான் தூக்கினியா?"

"ம்."

"அந்த ரூல் உனக்குத் தெரியாதா?"

நான்கு படி இறங்கினோம். "தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

இன்னும் ஆறு படி. நின்றாள். "என் கை... உனக்குத் தெரியுமே."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

படிவத்தைக் கொடுக்காதே, அக்கா.

தங்கை


பிப்ரவரி 21

அடியே,

காகிதம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதன் முதுகில் எழுதுகிறேன் என்று திருப்பிப் பார்.

இன்று அரை நாள் லீவு போட்டு விடுதிக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வந்த அன்று படித்தபோது கண்ணில் தண்ணீர், பாதிதான் தெரிந்தது. படிவத்தில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மீதி மங்கிவிட்டது. இன்றுதான் வரி வரியாகப் படித்தேன்.

தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, மூன்று நாளும் அவள் இடது கைதான் தூக்கினாள் என்று எழுதியிருக்கிறாய்.

வேறு எந்தக் கையைத் தூக்குவாள்?

பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அழுதேன், இன்னும் தள்ளிப்போனாள். நீ எவ்வளவு படித்தவள்! எத்தனை பயிற்சி, எத்தனை சான்றிதழ்! துணி துவைக்கிறவளுக்கு இது ஒரு பஸ் ஸ்டாப் தூரத்தில் புரிந்துவிட்டது. உன்னைத் திட்டலாமென்றால் வாய் வரவில்லை. நாற்பத்தொரு தடவை தூக்கியிருக்கிறாள் என்று நீதானே எண்ணி எழுதியிருக்கிறாய். எண்ணவாவது எண்ணினாயே.

உன் வகுப்பில் அன்று நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கை தூக்கியதைப் பார்த்தேன். நான் உன்னைக் குற்றம் சொன்னேனே தவிர, "நீ என்னடி சொல்ல வந்தே?"ன்னு அவளிடம் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், அடிக்கப் போவதில்லை.

இந்தக் காகிதம் இனி எந்த ஆபீஸிலும் செல்லாது. பின்பக்கம் முழுக்க நான் எழுதிவிட்டேன், முன்பக்கம் மை ஊறித் தெரிகிறது. நல்லது. இனி அவளிடம் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஏதாவது துணியை மடி.

எதிர்ப் பக்கத்து பஸ் வருகிறது.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

நம் கடிதங்கள் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது கையில் வந்ததும் முதலில் என் கையெழுத்துத்தான் தெரிந்தது. படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். புரட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. நீ திட்டியது எனக்குப் போதாது. நேரில் வந்து மீதியைத் திட்டு.

ஹெட்மாஸ்டர் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். 'மாநாட்டில் பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது குறித்து.' இரண்டே வரி பதில் கொடுத்தேன்: 'வகுப்பில் இனி எந்தக் கையும் தூக்கலாம். தெரியாதவர்கள் தெரியாது என்று வாயால் சொல்லலாம்.' படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, விடும்மா. அந்தக் கணக்கு டீச்சர் எல்லா இடத்துலயும் இதையே சொல்லிட்டுத் திரியுறா" என்றார். கோபத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கேட்டேன். "ஏழாம் வாய்ப்பாடு யாருக்குத் தெரியாது?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த முன்பல் விழுந்தவள், "எனக்கு" என்றாள். அப்புறம் ஒவ்வொருவராக. எண்ணினேன், இருபத்தொரு பேர். முப்பத்தெட்டில் இருபத்தொன்று, அக்கா. இவ்வளவு நாளும் நான் தெரிந்தவர்களிடமே கேட்டுக்கொண்டு, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக்கொண்டு, நல்ல டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இடது கைக்காரர்களுக்குத்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்? நேற்றிலிருந்து ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். மிளகுக்கு அது முன்பே தெரியும். சலித்துக்கொள்கிறாள்.

பரீட்சைக்கு அவளுக்குக் கூடுதல் நேரம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு விதி இருக்கிறதாம், பல வருடமாகவே இருக்கிறதாம். யாரும் கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை. நேற்று நானே அதே பழைய தாளைக் கொடுத்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். பத்துக்கு ஒன்பது. பத்தாவது கணக்கில் என்னோடு வாதம் செய்கிறாள், கேள்வியே தப்பாம். பார்த்தேன், தப்புத்தான்.

என் மேசையில் இப்போது ஒரு துண்டு இருக்கிறது. யாரிடம் கேள்வி கேட்டாலும் அதை எடுத்து மடிக்கிறேன். மிளகுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். மெதுவாகப் பேசுகிற பிள்ளைகள் என் வகுப்பில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அம்மாவுக்கு உன் சார்பா என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கொடியிலிருந்து உன் பழைய போர்வையை எடுத்து மடித்தேன். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மேலே ஒரு தட்டு. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டி முடித்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சித்தி மடிக்கக் கத்துக்கிட்டா. ஆனா... கோணலா மடிக்கிறா. நீ வந்து சொல்லிக் குடு."

தங்கை